பார்த்தவள் சொன்னால் பாதி வைத்தியம்



போன இதழில் நார்த்தங்காய் ஊறுகாய் கெட்டுப் போகாமல் வைத்துக்கொள்வது பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை ஊறுகாயும் இல்லை, வற்றலும் இல்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு மாதமாக நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லப் போகிறேன். சொந்த விஷயத்தைப் பத்திரிகையில் எழுதலாமா என்று ரொம்ப யோசித்தேன். அதிலும் இது பன்னிரண்டு வருஷமாக வீட்டுக்குள்ளேயே மூடி வைத்திருந்த விஷயம். சம்பந்தப்பட்டவன் என் சின்ன மகன். அவனிடமே கேட்டேன். "எழுதும்மா, நாலு அம்மாக்கள் படிச்சா நாலு பசங்க அடி வாங்காம தப்பிப்பாங்க" என்றான். அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்பது போகப் போக உங்களுக்கே புரியும்.

என் நாத்தனாரின் மகளை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். பாப்பாவுக்கு வயது 27. எம்.பி.பி.எஸ். முடித்து, அதன் மேல் எம்.டி. பொது மருத்துவமும் முடித்துவிட்டாள். அத்தோடு நின்றாளா? இன்னொரு நுழைவுப் பரீட்சை எழுதி, டி.எம். நியூராலஜி என்கிற நரம்பியல் மேற்படிப்புக்கு இடமும் வாங்கிவிட்டாள். இன்னும் மூன்று வருஷம்.

ஒரு நாள் காலையில், நான் இட்லிக்கு மாவு ஊற்றிக் கொண்டிருக்கும் நேரத்தில், நாத்தனாரிடமிருந்து போன் வந்தது.

"இங்க பாரு, அவ உன் பேச்சைத்தான் கேப்பா. நீ வந்து புத்தி சொல்லு. படிச்சது போதாதா? பதினெட்டு வயசுல ஆரம்பிச்சது இன்னும் முடிஞ்சபாடில்லை. அதுவும் என்ன படிப்புங்கறே? நரம்பு டாக்டராம்! கண்ணு, ஹார்ட்டு, பிரசவம்னா நாலு பேருக்குத் தெரியும். நரம்பு டாக்டர்னா பைத்தியத்துக்குப் பாக்கறவங்கன்னுதானே ஊர்ல நினைப்பாங்க? நல்ல இடமா ஒண்ணு வந்திருக்கு. 'எம்.டி.யோட நிறுத்திக்கட்டும், ராத்திரி டியூட்டி எல்லாம் எங்களுக்கு ஒத்து வராது'ன்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்றாங்க. நியாயந்தானே?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. பெண்ணைப் பெற்றவளின் வயிற்று நெருப்பு இன்னொரு தாய்க்குத் தெரியாதா? "வரேன் அண்ணி" என்று சொல்லிவிட்டு, மறுநாளே பஸ் ஏறினேன். என் மாமியாரும், "நானும் வரேன்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவருக்கு வயது 83. மகள் வீட்டுக்குப் போக ஒரு சாக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பாப்பாவிடம் என்னென்ன சொல்லலாம் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். எதிர் சீட்டில் ஒரு குழந்தை கையில் காகிதக் காற்றாடி வைத்திருந்தது. அதைப் பார்த்ததும் என் ஒத்திகை எல்லாம் எங்கோ போய்விட்டது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், என் சின்னவனுக்கு ஏழு வயது. இரண்டாம் வகுப்பு. சுட்டியான பிள்ளை. திடீரென்று அவனுக்கு என்னவோ ஆகிவிட்டது. பால் டம்ளரைக் கையில் வாங்கும், அப்படியே கீழே விடும். டிக்டேஷன் எழுதினால் நடுவில் இரண்டு வார்த்தை இருக்காது. டீச்சர் டைரியில் 'கவனம் போதாது' என்று நாலு தடவை எழுதி அனுப்பிவிட்டார். கூப்பிட்டால் சில சமயம் பதிலே வராது. எங்கள் ஊர் டாக்டர் ஒருவர், "பசங்க இப்படித்தான் நடிக்கும், கண்டிச்சு வளருங்க" என்று ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். அக்கம்பக்கத்தில் கண் திருஷ்டி என்றார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் மிளகாய் சுற்றிப் போட்டேன்.

அடியும் போட்டேன், சகோதரிகளே. மறைக்க விரும்பவில்லை. "கவனம் எங்கேடா இருக்கு?" என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். அவன் அழுதுகொண்டே, "நான் ஒண்ணும் பண்ணலைம்மா" என்பான். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பும்.

ஒரு நாள் என் மாமியார் என் கையைப் பிடித்துத் தடுத்தார். "அடிக்காதடி. அந்த நேரத்துல அவன் இங்க இல்லை" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர். ஆனால் முருங்கைக் கீரை ஆய்ந்தபடி திண்ணையில் உட்கார்ந்து, ஒரு வாரமாக அவனையே கவனித்திருக்கிறார். "கண்ணு ஒரே இடத்துல நின்னுடுது. இமை படபடன்னு அடிக்குது. நான் ஒண்ணுலேருந்து எட்டு, பத்து எண்றதுக்குள்ள திரும்பி வந்துடறான். வந்ததும், விட்ட இடத்துலேருந்தே விளையாடறான். காலையிலேருந்து இருட்டறதுக்குள்ள பத்துப் பதினஞ்சு தடவை வருது" என்றார்.

என் வீட்டுக்காரர் அப்போது வேலை விஷயமாக வெளியூரில் இருந்தார். நான், மாமியார், பையன், துணைக்கு லீவுக்கு வந்திருந்த பாப்பா, நாலு பேரும் பெரிய ஊரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே நரம்பியல் பிரிவில் இருந்தவர் ஒரு டாக்டரம்மா. நாற்பது வயசு இருக்கும். நான் உட்கார்ந்ததும், "கவனமே இல்லை டாக்டர், படிப்பிலே நாட்டமே இல்லை" என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"உங்க முடிவைச் சொல்லாதீங்கம்மா. கண்ணால பாத்ததைச் சொல்லுங்க. யார் பாத்தது?"

நான் மாமியாரைக் காட்டினேன். டாக்டரம்மா நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். அது வரும்போது பிள்ளை கீழே விழுகிறானா? வாயை மெல்லுகிறானா? கை எதையாவது நிமிண்டுகிறதா? முடிந்ததும் தூங்கிப் போகிறானா, இல்லை உடனே தெளிந்து விடுகிறானா? ஒவ்வொன்றாகக் கேட்டு, கிழவி சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். கால் மணி நேரம் பையனைத் தொடவே இல்லை!

பிறகு மேஜை டிராயரிலிருந்து ஒரு காகிதக் காற்றாடியை எடுத்து அவனிடம் கொடுத்தார். "இது நிக்காம சுத்தணும், ஊதிக்கிட்டே இரு, பாக்கலாம்." அவனும் ஊதினான். ஒரு நிமிஷம் தாண்டியிருக்கும். காற்றாடி மெதுவாகி நின்றது. பையனின் கண் சுவரில் ஒரே இடத்தில் நிலைத்தது. இமை துடித்தது. டாக்டரம்மா அவன் காதருகே மெதுவாக, "யானை" என்றார். பத்து எண்ணுவதற்குள் அவன் மறுபடி ஊதத் தொடங்கிவிட்டான். "நான் இப்ப என்ன சொன்னேன்?" என்று கேட்டார். "நீங்க ஒண்ணும் சொல்லலையே" என்றான் பிள்ளை.

எனக்கு உடம்பெல்லாம் ஆடிவிட்டது. இத்தனை நாளும் நான் அடித்தது, இங்கே இல்லாத பிள்ளையை!

அது வலிப்பில் ஒரு வகையாம். கை கால் இழுக்காது, நுரை தள்ளாது. ஏழெட்டு வயசுப் பிள்ளைகளுக்கு வருவது. சில விநாடி நினைவு மட்டும் விட்டுப் போய்த் திரும்பி வரும். வேகமாக மூச்சு விட்டால் அது தலைகாட்டும். அதற்காகத்தான் காற்றாடி! பிறகு தலையில் களிம்பு தடவி, சின்னச் சின்ன ஒயர்களை ஒட்டி, ஈ.ஈ.ஜி. எடுத்தார்கள். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். அதில் ஷாக் எதுவும் கொடுப்பதில்லை, வலியும் இல்லை. மூளையில் இயற்கையாக ஓடும் மிக நுண்ணிய மின்சாரத்தைக் கோடு கோடாக எழுதிக் காட்டும், அவ்வளவுதான். மருந்து கொடுத்தார்கள். அதற்கு மறுமாதமே டம்ளர் விழுவது நின்றது. பதினோரு வயதில் டாக்டரே படிப்படியாக மருந்தைக் குறைத்து நிறுத்தினார். இன்று அவன் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறான்.

அன்று கிளம்பும்போது டாக்டரம்மா சொன்ன வார்த்தை என் காதிலேயே இருக்கிறது. "உங்களைக் குத்தம் சொல்லலைம்மா, தெரியாம செஞ்சது. ஆனா உங்க மாமியார் சொன்னதிலேயே பாதி வைத்தியம் முடிஞ்சு போச்சு." திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தக் காற்றாடியை ஊருக்கு வந்து சேரும்வரை வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு வந்தது யார் தெரியுமா? அப்போது 15 வயதான பாப்பா!

இவ்வளவும் நினைவுக்கு வந்த பிறகு, நாத்தனார் வீட்டில் போய் இறங்கிய எனக்கு எந்த முகத்தோடு புத்தி சொல்வது என்று தெரியவில்லை. சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போன சாக்கில் பாப்பாவைப் பிடித்தேன்.

"ஏண்டி, இந்த நரம்பு டாக்டர்னா என்னதான் செய்வாங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றேன்.

"அத்தை, வீட்டுல கரண்ட் போச்சுன்னா எலக்ட்ரீஷியன் வந்ததும் என்ன கேப்பார்? எந்த விளக்கு எரியலை, எது எரியுதுன்னு. கொல்லைப்புறம் மட்டும் போச்சுன்னா கோளாறு ஒரு இடம், வீடு முழுக்கப் போச்சுன்னா வேற இடம். அதே மாதிரிதான் நாங்களும். மூளை, முதுகுத்தண்டுக்குள்ள போற தண்டுவடம், அதுலேருந்து கை காலுக்குப் போற நரம்பு, கடைசியில தசை. இதுல எங்கே கோளாறுன்னு முதல்ல கண்டுபிடிக்கணும். என்ன கோளாறுங்கறது அடுத்த கேள்வி" என்றாள்.

மனசுக்கு வரும் வியாதியைப் பார்ப்பவர் மனநல மருத்துவர். மூளையிலும் தண்டுவடத்திலும் அறுவை செய்பவர் நரம்பியல் அறுவை மருத்துவர். அறுவை இல்லாமல், கண்டுபிடித்து மருந்தால் வைத்தியம் செய்பவர்தான் நியூராலஜிஸ்ட். தலைவலி, வலிப்பு, பக்கவாதம், கை நடுக்கம், மறதி வியாதி, கால் மரத்துப் போவது எல்லாம் இவர்களிடம்தான் வரும்.

இவர்களுடைய ஆயுதங்களைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். முழங்காலில் தட்ட ஒரு சின்னச் சுத்தியல், கண்ணில் அடிக்க ஒரு டார்ச், அதிர்வு தெரிகிறதா என்று எலும்பின் மேல் வைத்துப் பார்க்க ஒரு இசைக்கவை. உள்ளங்காலைக் கீற ஒரு சாவி கூடப் போதுமாம். உள்ளங்காலில் கீறினால் பெரியவர்களுக்குக் கட்டைவிரல் கீழ்நோக்கி மடங்க வேண்டும். மேல்நோக்கிப் போனால் மூளையிலோ தண்டுவடத்திலோ கோளாறு என்று பிரான்சு தேசத்து டாக்டர் பாபின்ஸ்கி 1896ல் எழுதி வைத்தார். (கைக்குழந்தைகளுக்கு மேல்நோக்கிப் போவது இயற்கைதான். இளம் தாய்மார்கள் இதைப் படித்துவிட்டு, குழந்தையின் காலைக் கீறிப் பார்த்துப் பயப்பட வேண்டாம்!) வலிப்பு வந்தவர் கையில் சாவியைத் திணித்துப் பிரயோஜனம் இல்லை. அதே சாவி நரம்பு டாக்டர் கையில் இருந்தால் வியாதி சொல்லுகிறது, பாருங்கள்!

ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924ல்தான் மனித மூளையின் மின்சாரத்தை முதன்முதலாகப் பதிவு செய்தார். மூளையை சி.டி. ஸ்கேனில் படம் பிடித்தது 1971ல், லண்டனில். அதற்கு முன்னால் எல்லாம் நோயாளியும் வீட்டாரும் சொல்வதைக் கேட்டு, உடம்பைப் பரிசோதித்தே டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். "இன்னிக்கும் அதுதான் முதல் பாடம் அத்தை. ஸ்கேன் நல்லா இருக்கும், ஈ.ஈ.ஜி. கூட நல்லா இருக்கும், ஆனா ஆளுக்கு வலிப்பு இருக்கும். பாத்தவங்க சொல்றதை வெச்சுத்தான் முடிவு பண்ணணும். அம்மாச்சி மாதிரி ஒருத்தர் கூட வந்தா, எங்களுக்கு அதிர்ஷ்டம்" என்றாள் பாப்பா.

படிப்பு விவரத்தையும் கேட்டுக்கொண்டேன். டாக்டர் ஆக ஆசைப்படும் பெண் உங்கள் வீட்டிலும் இருக்கலாம் அல்லவா? பிளஸ் டூவுக்குப் பின் நீட் எழுதி எம்.பி.பி.எஸ். அது, ஹவுஸ் சர்ஜன் வருஷத்தையும் சேர்த்து ஐந்தரை வருஷம். பிறகு எம்.டி.யில் பொது மருத்துவமோ குழந்தை மருத்துவமோ மூன்று வருஷம். அதன்பின் நீட் எஸ்.எஸ். என்னும் பரீட்சை எழுதி டி.எம். நியூராலஜி மூன்று வருஷம். ஆக, பதினொன்றரை வருஷம். நடுவில் பரீட்சைக்குக் காத்திருப்பதையும் சேர்த்தால் முப்பது வயது வந்துவிடும். ஒரு ஆறுதல், எம்.டி.யிலும் டி.எம்.மிலும் மாதாமாதம் உதவித்தொகை உண்டு. பல அரசுக் கல்லூரிகளில் படிப்பு முடிந்ததும் சில காலம் அரசுப் பணி செய்வதாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

டாக்டர் ஆனால்தான் உண்டு என்றில்லை. ஈ.ஈ.ஜி. எடுக்கும் டெக்னீஷியன், பக்கவாதம் வந்தவரை நடக்க வைக்கும் பிசியோதெரபிஸ்ட், பேச்சு போனவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர், நரம்பியல் வார்டு நர்ஸ் என்று எத்தனையோ படிப்பு இருக்கிறது. என் பையனுக்கு ஒயர் ஒட்டிய பெண் டெக்னீஷியன், தலையில் களிம்பைத் துடைத்துவிடும்போது கதை சொல்லி அவனைச் சிரிக்க வைத்தார். அந்தக் கை யாருக்குக் குறைந்தது?

இந்த வைத்தியம் இந்தியாவில் வேரூன்றியதில் நம் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. வேலூரில் 1949ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பியல் பிரிவைத் தொடங்கினார். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950ல் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பியல் அறுவைப் பிரிவை ஆரம்பித்தார். மறு வருஷமே, 1951ல், இந்திய நரம்பியல் சங்கம் சென்னையில் பிறந்தது. அதே பொது மருத்துவமனையில் படித்து, 1968ல் நரம்பியல் அறுவையில் எம்.சிஎச். பட்டம் வாங்கியவர் டாக்டர் டி.எஸ். கனகா. இந்தியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர். 2018ல் காலமானார். பெண்ணுக்கு மூளை அறுவை எதற்கு என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்களோ!

"சரிடி, ராத்திரி கண்விழிக்கணுமே?" என்றேன்.

"முழிக்கணும்தான் அத்தை. பக்கவாதம் மணி பாத்தா வருது? ரத்தக் கட்டியைக் கரைக்கற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். அதுக்கு முன்னாடி ஸ்கேன் எடுத்து, அடைப்பா, ரத்தக் கசிவான்னு பாக்கணும். கசிவா இருந்து அந்த ஊசியைப் போட்டா ஆபத்து. ராத்திரி ரெண்டு மணின்னாலும் முடிவு பண்ண ஆள் வேணும்."

"கேட்டா, பாதி வியாதிக்கு மருந்தே இல்லைங்கறாங்களே?"

கொஞ்ச நேரம் பேசாமல் துணியை மடித்தாள். "சிலதுக்கு இன்னும் இல்லைதான். ஆனா கை கால் அசைக்க முடியாம மூச்சுக்கே மெஷின் வெச்சவங்க, சில வாரம் கழிச்சு நடந்து வீட்டுக்குப் போறதையும் வார்டுல பாத்திருக்கேன். மருந்து இல்லாத வியாதின்னா, அதைப் பக்கத்துல உக்காந்து நிதானமா சொல்லவும் ஒரு ஆள் வேணுமில்லையா, அத்தை?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ராத்திரி சாப்பாட்டின் போது பேச்சு வந்தது. நாத்தனார் தோசை வார்த்தபடி, "என்ன, சொன்னியா அவகிட்ட?" என்றார். நான் மென்று விழுங்கினேன். "அண்ணி, அவ படிக்கட்டுமே. வர்ற மாப்பிள்ளை மூணு வருஷம் பொறுக்க மாட்டார்னா..." என்று இழுத்தேன். நாத்தனாருக்கு முகம் சிவந்துவிட்டது. "உனக்கென்ன, ரெண்டும் பையன். பேசுவே!" என்றார். சுருக்கென்று தைத்தது. அவர் சொன்னதிலும் உண்மை இருந்ததால் பேசாமல் இருந்தேன்.

அதுவரை ரசத்தை உறிஞ்சிக்கொண்டிருந்த மாமியார் தலையை நிமிர்த்தினார்.

"அன்னிக்கு அந்த டாக்டரம்மாவையும் அவ அம்மா, 'படிச்சது போதும்'னு நிறுத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"அது யாரோ ஊரான் பொண்ணும்மா" என்றார் நாத்தனார்.

"ஊரான் பொண்ணு படிச்சதாலதான் நம்ம வீட்டுப் பிள்ளை தேறினான். நம்ம பொண்ணு படிச்சா ஊரான் பிள்ளை எவனாவது தேறுவான். கணக்குச் சரியாப் போகும்."

அப்புறம் யாரும் பேசவில்லை. தோசைக்கல்லில் ஒரு தோசை தீய்ந்து போனது.

ஊருக்குக் கிளம்பும்போது பாப்பாவிடம், "எங்களைப் போல வீட்டில் இருக்கறவங்க எதைத் தெரிஞ்சு வெச்சுக்கணும்?" என்று கேட்டு, சீட்டில் எழுதி வாங்கி வந்தேன். என் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வலிப்பு வந்தால்: கை காலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. வாயில் கரண்டியோ துணியோ திணிக்கக் கூடாது. இரும்பு, சாவி எதற்கும் பலன் இல்லை. வலிப்பு தானாக நிற்கும்போது சாவிதான் நிறுத்தியது என்று நினைத்துக்கொள்கிறோம். பக்கத்தில் உள்ள பாத்திரம், பண்டங்களை அகற்றி, இழுப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தெளிவு வரும்வரை தண்ணீர் கொடுக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ, உடனே 108. முதல் தடவை வந்தது என்றால், நின்றுவிட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பார்க்க வேண்டியது: எந்தக் கையில் அல்லது எந்தப் பக்கத்தில் தொடங்கியது, கண்ணும் தலையும் எந்தப் பக்கம் திரும்பியது, எத்தனை நேரம், பின்னால் தூங்கினாரா, குழம்பினாரா. வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் போனில் படம் பிடித்துவிடலாம். டாக்டருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லையாம்.

பக்கவாதம் என்று சந்தேகம் வந்தால்: சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று கீழே இறங்குகிறதா? ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள், குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் உடனே ஸ்கேன் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரி. நன்றாக இருந்ததை எத்தனை மணிக்குக் கடைசியாகப் பார்த்தீர்கள் என்பது முக்கியம். வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். 'தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்' என்று இருந்துவிடாதீர்கள்.

வலிப்பு மருந்தை நாமாக நிறுத்தக் கூடாது. சரியான மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் பத்தில் ஏழு பேர் வரைக்கும் வலிப்பே இல்லாமல் இருக்க முடியும். கல்யாணமாகப் போகும் பெண், பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கும் பெண் என்றால், முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். வயிற்றில் உள்ள குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாத மருந்தாக இருந்தால் அவர் மாற்றிக் கொடுப்பார், ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் எழுதித் தருவார்.

இன்னொன்று. ஒரு காலத்தில் இந்து திருமணச் சட்டத்திலேயே, வலிப்பு உள்ளவர்களின் கல்யாணத்துக்குத் தடை இருந்தது. 1999ல் அந்த வார்த்தையைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். சட்டம் எடுத்துவிட்டது; நாம்தான் இன்னும் மனசிலிருந்து எடுக்கவில்லை. என் பையன் விஷயத்தை நான் பன்னிரண்டு வருஷம் மறைத்ததும் அதனால்தான். 'வெளியே தெரிந்தால் நாளைக்குக் குடும்பத்தில் ஒரு சம்பந்தம் வராதே' என்ற பயம். மறைக்க மறைக்க, இன்னொரு வீட்டில் இன்னொரு பிள்ளை அடி வாங்கிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்புறம் பாப்பா விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். டி.எம்.மில் சேர்ந்துவிட்டாள். அந்த வரன், 'யோசித்துச் சொல்கிறோம்' என்று சொல்லிப் போனவர்கள் பிறகு வரவில்லை. நாத்தனார் பத்து நாள் எனக்குப் போனே செய்யவில்லை. எனக்கும் உறுத்தல்தான். ஒரு தாயின் கவலையை நான் தீர்த்து வைத்துவிடவில்லையே! வேறொரு கவலைக்கு அல்லவா மாற்றிவிட்டேன்?

போன செவ்வாய்க்கிழமை காலையில் போன் அடித்தது. நாத்தனார்தான். கல்யாணத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. என் மீது கோபம் போய்விட்டதா என்றும் சொல்லவில்லை.

"ஹாஸ்டல்ல சாப்பாடு வாய்க்கு விளங்கலையாம் அவளுக்கு. நீ அந்த நார்த்தங்காய் ஊறுகாய் போடுவியே, ஒரு பாட்டில் குடுத்தனுப்பு. ராத்திரி கண்முழிச்சு வந்து தயிர்சாதத்துக்குத் தொட்டுக்குவா" என்றார்.

இரண்டு பாட்டிலாக அனுப்பினேன்.